கிராங்க் கிரைண்டிங்குக்கு முன்: மெயின் பேரிங்கில் எவ்வளவு கிளியரன்ஸ் விடலாம்? (எஸ்டீம் 1.3)

நொய்யல் | ஞாயிறு, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 98 மாடல் மாருதி எஸ்டீம் கார், சுசூகி எஞ்சின். எட்டு வால்வு, கார்புரேட்டர், 1298 சிசி. ரெண்டு மாசமா சூடானதும் ஐடில்ல (வண்டி நிக்கிறப்போ எஞ்சின் சும்மா ஓடுற நிலை) ஆயில் பிரஷர் லைட் மினுக்கிட்டே இருந்தது. போன வாரம் தட்டுற சத்தமும் சேர்ந்துக்கிச்சு. எஞ்சினை இறக்கிப் பிரிச்சாச்சு. ரெண்டாவது பிக் எண்ட் (பிஸ்டன் ராடு கிராங்கோட சேருற இடம்) ஷெல்லில், அதாவது அரைவட்டப் பேரிங் தகட்டில், மேல்பூச்சு போய் செம்பு தெரியுது. மெயின் ஜர்னல்ல (கிராங்க் எஞ்சின் பிளாக்குல உக்காந்து சுத்துற உருண்டைப் பகுதி) விரலை ஓட்டினா நகம் மாட்டுற அளவுக்குக் கோடு. 0.25 அண்டர்சைஸ் (ஜர்னலை 0.25 மி.மீ. தேய்ச்சு சிறுசாக்கி, அதுக்கேத்த தடிமனான ஷெல் போடுறது) போனா போதும்னு கிரைண்டிங் கடையில சொல்லிட்டாங்க.

பிரச்சினை இனிமேதான். கடைக்காரர் கேட்டார்: "தம்பி, ஆயில் கிளியரன்ஸ் எவ்ளோ விடட்டும்?" ஜர்னலுக்கும் ஷெல்லுக்கும் நடுவுல ஆயிலுக்கு விடுற இடைவெளி அது. மேனுவல்ல மெயினுக்கு 0.020 முதல் 0.040 மி.மீ. வரை, தேய்மான எல்லை 0.060ன்னு இருக்குன்னு சொன்னேன். சிரிச்சார். "அந்த அளவுல விட்டா ஜாம் ஆயிடும். நான் ரெண்டரை தௌ விட்டுத் தர்றேன். பத்து வருஷம் ஓடும்."

ஒரு தௌன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. ரெண்டரை தௌன்னா 0.0635 மி.மீ. புது பேரிங் போட்ட அன்னைக்கே தேய்மான எல்லையைத் தாண்டுதே? கிராங்க் இன்னும் கடையிலதான் கிடக்கு, கிரைண்டிங்ல ஏத்தலை. புதன்கிழமைக்குள்ள நம்பர் சொல்லணும்.

பட்டறைக்காரர் | ஞாயிறு, இரவு 11:15

தம்பி, கடைக்காரர் சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்லை. நாப்பது வருஷமா மதுரையில அம்பாசிடர் எஞ்சின் கட்டுனவன் நான். மூணு மெயின், ரெண்டு இஞ்சு ஜர்னல். எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது ஒரே கணக்கு: ஜர்னல் ஒரு இஞ்சுக்கு ஒரு தௌ. ரெண்டு இஞ்சுக்கு ரெண்டு தௌ. ஒரு எஞ்சின் திரும்பி வந்ததில்லை. டைட்டா விட்டா சீஸ், கிராங்க் இறுகி நின்னுடும். லூஸா விட்டா சத்தம். சத்தம் போட்டாலும் வண்டி வீடு வந்து சேரும். சீஸ் ஆனா நடுரோட்டுல நிப்ப.

உன்னுது சின்ன ஜர்னல். ரெண்டு விடச் சொல்லு. ரெண்டரை கொஞ்சம் கூடத்தான்.

ரெவ்லிமிட் | திங்கள், காலை 7:50

ட்ராக்குக்கு எஞ்சின் கட்டுறப்போ நாங்களும் மேனுவலைவிட அரை தௌ கூடத்தான் விடுவோம். 7000க்கு மேல சுத்துறப்போ கிராங்க் வளையும், ஆயில் 120 டிகிரி தாண்டும். அதுக்கு இடம் வேணும். ஆனா அதுக்குன்னே பெரிய ஆயில் பம்ப், ஆயில் கூலர், நாலு ரேஸுக்கு ஒரு தடவை பிரிச்சுப் பார்க்குற பழக்கம் எல்லாம் இருக்கு. அப்பா ஓட்டுற எஸ்டீமுக்கு இது எதுக்கு?

புதுசு | திங்கள், காலை 8:05

கிளியரன்ஸ் ஜீரோவா இருந்தா ஆட்டமே இருக்காதே, அது நல்லதுதானே? தெரியாமத்தான் கேக்குறேன்.

பட்டறைக்காரர் | திங்கள், காலை 8:20

ஜீரோன்னா கிராங்க் சுத்தவே சுத்தாது ராசா.

மைக்ரான் | திங்கள், மதியம் 1:30

புதுசு கேட்டது நல்ல கேள்வி. சிரிச்சுட்டு விட்டுடாதீங்க. பதில் அதுலதான் இருக்கு.

நான் ஓசூர்ல இன்ஸ்பெக்ஷன்ல வேலை பாக்குறேன். எஞ்சின் கட்டினதில்லை. அளவெடுக்கிறது மட்டும்தான் தொழில். அதனால இதை அளவு பக்கத்துல இருந்து சொல்றேன்.

கிராங்க் ஓடுறப்போ ஷெல்லை நேரடியா தொடாது. ஜர்னல் சுத்துற வேகத்துல ஆயிலைத் தன்னோட இழுத்துட்டுப் போய் ஒடுங்கின பக்கம் ஒரு ஆப்பு மாதிரி திணிக்குது. அந்த ஆப்புக்குள்ள உருவாகுற அழுத்தம்தான் கிராங்கைத் தூக்கிப் பிடிக்குது. 1883ல பீச்சாம்ப் டவர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் ரயில் அச்சு பேரிங்கைச் சோதிச்சுட்டு இருந்தார். ஆயில் ஊத்த பேரிங் மேல ஒரு ஓட்டை போட்டார். ஊத்தின ஆயில் உள்ள போகாம வெளியே பொங்கி வந்தது. தக்கை வெச்சு அடைச்சார், தக்கையைத் தள்ளிட்டு வந்தது. மரக்கட்டை வெச்சு அடிச்சார், அதுவும் வெளியே வந்தது. அப்புறம்தான் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தார். இதுக்கான சமன்பாட்டை 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். இன்னைக்கும் அதை வெச்சுத்தான் பேரிங் டிசைன் பண்றாங்க. உங்க ஆயில் பம்ப் தர்ற மூணு நாலு கிலோ பிரஷர் கிராங்கைத் தாங்குறதுக்கு இல்லை. பேரிங்குக்குள்ள ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்குறதுக்கு மட்டும்தான். மீதியை ஆப்பு பார்த்துக்கும்.

இப்ப கணக்கு. பேரிங் ஓரத்துல ஒழுகுற ஆயில், கிளியரன்ஸோட மும்மடிக்கு (கியூப்) ஏத்த மாதிரி கூடும். கிளியரன்ஸ் ரெண்டு மடங்கானா ஒழுகல் எட்டு மடங்கு. 0.032 இருக்க வேண்டிய இடத்துல 0.0635 விட்டா எல்லா மெயின்லயும் அதே எட்டு மடங்கு. சூடான ஐடில்ல பம்ப் அதுக்கு ஈடு குடுக்க முடியாது. பழைய பேரிங்கோட லைட் மினுக்கினது எதனாலன்னு நினைக்கிறீங்க? அந்த நிலையைப் புது பேரிங்குக்குக் காசு குடுத்து வாங்கப் போறீங்க.

ஐயா சொன்ன இஞ்சுக்கு ஒரு தௌ கணக்கைப் போட்டா, 45 மி.மீ. ஜர்னல் 1.77 இஞ்சு. 1.77 தௌ, அதாவது 0.045 மி.மீ. சுசூகி சொல்ற மேல் எல்லை 0.040. வாத்தியார் கணக்கு மோசமில்லை, பக்கத்துலதான் இருக்கு. ஆனா அது இரும்பு பிளாக்குக்கு வந்த கணக்கு. எஸ்டீம் பிளாக் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஷெல் உக்கார்ற 49 மி.மீ. ஹவுசிங் முழுக்க அலுமினியமா இருந்து 80 டிகிரி சூடு ஏறினா கிராங்கைவிட 0.04 மி.மீ. கூட விரியணும். ஹவுசிங்கோட ஒரு பாதியா மேல போல்ட் பண்ற மூடி, அதான் கேப், இரும்பா இருந்தா அது பிடிச்சு வெச்சுக்கும், அவ்வளவு விரியாது. ஒரு காந்தம் வெச்சுப் பாருங்க. எப்படி இருந்தாலும் சூட்டுல கிளியரன்ஸ் தானாவே கொஞ்சம் திறக்குது. அதனாலதான் குளிர்ல இவ்வளவு இறுக்கமா குடுத்திருக்காங்க.

பட்டறைக்காரர் | திங்கள், மாலை 6:40

அலுமினிய பிளாக்னு நான் யோசிக்கலை. அது சரிதான்மா. ஆனா ஒண்ணு. பேப்பர்ல 0.030ன்னு எழுதலாம். கடையில கிரைண்டிங் மிஷின் அந்த 0.030ஐக் குடுக்குமா? கல்லு ட்ரெஸ் பண்ணாம (முகத்தைச் சீவிச் சமமாக்காம) அடிப்பான், ஜர்னல் ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசா வரும். அந்தப் பயத்துலதான் நாங்க கூட விட்டோம். கைக்கு வர்றதைத்தான் கேக்கணும்.

மைக்ரான் | திங்கள், இரவு 9:10

ஐயா, நீங்க சொன்னதை அப்படியே ஒத்துக்கிறேன். "எவ்ளோ விடட்டும்"னு கடைக்காரர் கேட்டதுல எனக்கு இருக்குற சங்கடமும் அதுதான். அவர் கையில கிராங்க் மட்டும்தான் இருக்கு. ஷெல் இல்லை, பிளாக் இல்லை. எதிலிருந்து கழிச்சு விடுவார்? 0.25 அண்டர்சைஸ்னா ஒரு நம்பருக்கு அடிச்சுக் குடுப்பார். கிளியரன்ஸ் அதிர்ஷ்டத்துல வர்றது.

நொய்யல் தம்பி, வரிசையை மாத்துங்க.

முதல்ல ஷெல் வாங்குங்க. பிளாக்கைக் கழுவி, ஷெல்லையும் அது உக்கார்ற இடத்தையும் எண்ணெய்ப்பசை இல்லாம துடைச்சு, கிராங்க் இல்லாமலே கேப்பைப் போட்டு மேனுவல் டார்க்குக்கு (போல்ட்டை முறுக்க வேண்டிய அளவு) முறுக்குங்க. ஷெல்லோட உள் விட்டத்தை அஞ்சு இடத்திலும் டயல் போர் கேஜ்ல எடுங்க. அந்த நம்பர்ல இருந்து உங்களுக்கு வேணுங்கிற கிளியரன்ஸைக் கழிச்சா வர்றது ஜர்னல் அளவு. கடைக்காரருக்குக் குடுக்க வேண்டியது அந்த அளவுதான். கிளியரன்ஸ்ங்கிற பேச்சே அவர்கிட்ட வேணாம்.

அளக்குறப்போ ஒரு சூட்சுமம். ஷெல் முழு வட்டம் கிடையாது. நடுவுல தடிமன் கூட, ரெண்டு பாதியும் சேருற இடத்துல வேணும்னே மெலிசா செஞ்சிருப்பாங்க. கிடைமட்டமா அளந்தா பெருசா காட்டும். "லூஸா இருக்கே"ன்னு பயந்துடுவீங்க. சேருற கோட்டுக்கு 90 டிகிரியில, செங்குத்தா எடுங்க.

போர் கேஜை ஒரு மைக்ரோமீட்டரை வெச்சு ஜீரோ பண்ணுங்க. ஜர்னலையும் அதே மைக்ரோமீட்டர்லதான் அளக்கணும். மைக்ரோமீட்டர்ல 5 மைக்ரான் (0.005 மி.மீ.) பிழை இருந்தாலும் ரெண்டுலயும் இருக்கும், கழிக்கிறப்போ போயிடும்.

நொய்யல் | திங்கள், இரவு 9:35

அக்கா, பிளாஸ்டிகேஜ் (நடுவுல வெச்சு நசுக்கி இடைவெளி பார்க்குற மெல்லிய பிளாஸ்டிக் இழை) போதாதா? பச்சை கலர் பாக்கெட் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். அப்புறம் ரெண்டாவது கேள்வி: சுசூகில பேரிங்குக்கு கலர் இருக்காமே, கிராங்க்ல நம்பர் அடிச்சிருக்கு. அதைப் பார்த்து வாங்கணுமா?

மைக்ரான் | திங்கள், இரவு 10:00

பிளாஸ்டிகேஜ் மோசமில்லை. பச்சை 0.025ல இருந்து 0.076 வரைக்கும். ஆனா நசுங்கின பட்டையோட அகலத்தைப் பேப்பர்ல அச்சடிச்ச கோட்டோட ஒப்பிடுறீங்க. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல இருந்தா மீதி உங்க கண்ணுதான். 20 மைக்ரான் அகலமுள்ள வரம்புக்குள்ள அடிக்கணும்னு நிக்கிறப்போ அது சாட்சிக்கு ஆகும், தீர்ப்புக்கு ஆகாது. அதோட கிராங்க் கிரைண்ட் ஆன பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும். நமக்கு முன்னாடியே தெரியணும். கடைசியில சரிபார்க்க வெச்சுக்கோங்க. அப்போ பிளாக் தலைகீழா இருக்கணும், கிராங்கைத் துளிகூட சுத்தக்கூடாது.

கலர் விஷயம்: உங்க கிராங்க்ல அடிச்ச 1, 2, 3 ஸ்டாண்டர்ட் ஜர்னலுக்கானது. 1ன்னா 44.994 முதல் 45.000 வரை, 2 அதுக்குக் கீழ 6 மைக்ரான், 3 அதுக்கும் கீழ 6. பிளாக்லயும் குறி இருக்கும். ரெண்டையும் வெச்சு அஞ்சு தடிமன்ல இருந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிறாங்க. கம்பெனி எவ்வளவு மெனக்கெடுதுன்னு பாருங்க, 6 மைக்ரானுக்கு ஒரு படி! கிரைண்ட் பண்ணின பிறகு கிராங்க் நம்பருக்கு அர்த்தம் போயிடும். வெளி மார்க்கெட் அண்டர்சைஸ் செட்ல பெரும்பாலும் ஒரே தடிமன்தான். அதனால கம்பெனி ஷெல்லை மாத்திச் செய்யற வேலையை நீங்க கிரைண்டிங்ல செய்யப் போறீங்க.

சாவகச்சேரி | செவ்வாய், காலை 6:15

நல்ல இழை. வாசிச்சுக்கொண்டே இருக்கிறன். எங்கட பக்கத்து அனுபவம் ஒண்டு சொல்லட்டே? தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக் காலம், யாழ்ப்பாணத்தில பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. ஸ்டார்ட் எடுக்கிறதுக்கு மட்டும் போத்தில்ல கொஞ்சம் பெற்றோல். சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஒயிலுக்குள்ள இறங்கும். டிப் ஸ்டிக் பாத்தா ஒயில் குறையாது, கூடும்! தண்ணி மாதிரி. அந்த ஒயிலோட பெயறிங் எத்தினை நாள் நிக்கும்? எங்கட அப்பா அடிக்கடி ஒயிலை இறக்கி மாத்துவார். எண்டாலும் பிக் எண்ட் தட்டும்.

அப்ப கிளியரன்ஸ் கூடினாப் பிறகு வழி ஒண்டுதான் இருந்தது. ஷெல்லுக்குப் பின்னால சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். சிரிக்காதையுங்கோ. உதிரிப்பாகம் வராத காலம் அது.

பட்டறைக்காரர் | செவ்வாய், காலை 7:30

சிரிக்கலை அண்ணே. நாங்களும் செஞ்சிருக்கோம், எங்களுக்குத் தடையும் இல்லை, போரும் இல்லை, வெறும் சோம்பேறித்தனம். வெள்ளித்தாள் வெச்ச ஷெல் சூட்டை பிளாக்குக்குக் குடுக்காது. ரெண்டு மாசத்துல ஷெல் கருத்துடும், சில சமயம் ஷெல்லே சுத்திடும். கேப்பை ஃபைல் போட்டு இறக்குறது இன்னும் மோசம். மேலயும் கீழயும் டைட் ஆகும், பக்கவாட்டுல அப்படியே இருக்கும். வட்டமே போயிடும். அப்புறம் லைன் போரிங்தான் (எல்லா ஹவுசிங்கையும் ஒரே நேர்கோட்டுல திரும்பக் கடையறது) கதி. பாவம் பண்ணியிருக்கேன், இப்ப சொல்லிக்கிறேன்.

நொய்யல் | வியாழன், இரவு 11:20

கடைக்காரர்கிட்ட ரெண்டு நாள் டைம் வாங்கினேன். ஃப்ரெண்டு ஒருத்தன் டூல் ரூம்ல இருக்கான். போர் கேஜும் மைக்ரோமீட்டரும் எடுத்துட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். மத்தியானம் தகர ஷெட்டுக்குள்ள அளக்க வேணாம்னு அவனே சொன்னான். அலுமினிய பிளாக், ஸ்டீல் கேஜ், வெயில், எல்லாம் சேர்ந்து ஏமாத்துமாம். ராத்திரி எட்டு மணிக்கு எடுத்தோம். புது 0.25 ஷெல், டார்க் பண்ணினது, செங்குத்தா:

1வது: 44.774
2வது: 44.777
3வது: 44.801
4வது: 44.776
5வது: 44.773

மூணு தடவை எடுத்தோம். மூணாவது மட்டும் கூடவே வருது. ஷெல் ஜோடியை நாலாவதோட மாத்திப் போட்டும் பார்த்தேன். அப்பவும் மூணுதான் பெருசு. என்ன பண்ண?

பட்டறைக்காரர் | வெள்ளி, காலை 6:50

மூணாவது ஜர்னலை மட்டும் 25 மைக்ரான் பெருசா விடச் சொல்லு. வேலை முடிஞ்சுது.

ரெவ்லிமிட் | வெள்ளி, காலை 9:00

லைன் போரிங் குடுக்கணும் போல. நடு மெயின் ஹவுசிங் இழுத்திருக்கும்.

மைக்ரான் | வெள்ளி, மதியம் 1:15

ரெண்டும் வேணாம், பொறுங்க. ஷெல் மாத்தியும் அங்கேயே பெருசா இருக்குன்னா ஷெல் மேல குத்தம் இல்லை, ஹவுசிங்தான். இதைத் தம்பி தானாவே செஞ்சு பார்த்தது எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இப்ப ஷெல்லை எடுத்துட்டு, வெறும் ஹவுசிங்கை டார்க் பண்ணி மூணு திசையில அளங்க. செங்குத்தா ஒண்ணு, ரெண்டு பக்கமும் சேருற கோட்டை ஒட்டிச் சாய்வா ஒண்ணொண்ணு. எல்லாத் திசையிலும் பெருசுன்னா ஹவுசிங் தேய்ஞ்சிருக்கு, ஷெல் உள்ளே சுத்தியிருக்கலாம். செங்குத்துல மட்டும் பெருசுன்னா கேப் முழுசா உக்காரலை. அம்பு முன்பக்கம் பார்க்குதா, நம்பர் சரியா, இதையும் பாருங்க.

கேப் உக்காரலைன்னா காரணம் பெரும்பாலும் சின்னது. முகத்துல ஒரு மணல், கேஸ்கெட் பிசிறு, இல்லாட்டி கழட்டுறப்போ ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பினதுல எழும்பின பிசிறு.

அது தெரியாம ஜர்னலைப் பெருசா அடிச்சீங்கன்னா, நாளைக்கு அந்தப் பிசிறு நசுங்கி கேப் இறங்குறப்போ 25 மைக்ரான் கிளியரன்ஸ் அங்க காணாமப் போகும். 0.032ன்னு நினைச்சுக் கட்டினது 0.007 ஆகும். ஐயா பயந்த சீஸ் அப்பதான் வரும்.

பட்டறைக்காரர் | வெள்ளி, மாலை 5:05

அடேயப்பா.

நொய்யல் | வெள்ளி, இரவு 11:50

பிசிறுதான்!

செங்குத்துல மட்டும் 24 மைக்ரான் கூட. கோட்டை ஒட்டிச் சாய்வுல ரெண்டு பக்கமும் ஏறக்குறைய மத்த ஹவுசிங் மாதிரியேதான். மூணாவது கேப்பைக் கையில எடுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, போல்ட் ஓட்டைக்குப் பக்கத்துல முகத்துல ஒரு சின்னப் பள்ளம், அதோட விளிம்பு மேலே எழும்பியிருக்கு. நகத்தால தடவினா தெரியுது, கண்ணுக்குத் தெரியலை. நெம்பினது யாருன்னு கேக்காதீங்க. இந்த இழையிலதான் இருக்கான், பேரு ஆத்துப் பேரு.

ஃப்ரெண்டு நைஸ் ஆயில் ஸ்டோனை வெச்சு, எழும்பின விளிம்பை மட்டும் தடவி எடுத்தான். முகத்தைத் தேய்க்கலை. கழுவி, திரும்பப் போட்டு, டார்க். ஷெல்லோட 44.778.

இப்ப அஞ்சும் 44.773ல இருந்து 44.778க்குள்ள. கடைக்காரருக்கு என்ன நம்பர் எழுதட்டும்?

மைக்ரான் | சனி, காலை 8:30

44.744. பிளஸ் மைனஸ் 4 மைக்ரான்.

கணக்கு: நடுவுல அடிச்சா கிளியரன்ஸ் 0.029ல இருந்து 0.034. மோசமான பக்கம் ரெண்டையும் பார்த்தா 0.025ல இருந்து 0.038. ரெண்டுமே மேனுவலுக்குள்ள. 0.25 அண்டர்சைஸ் ஜர்னல் 44.732 முதல் 44.750 வரைன்னு மேனுவல் சொல்ற வரம்புக்குள்ளயும் இருக்கு. கடைக்காரர் ரெண்டு பக்கம் தவறினாலும் நமக்கு இடம் இருக்கு. ஐயா சொன்ன "கைக்கு வர்றதை"க்கும் இது பதில்.

ஓவாலிட்டி (வட்டம் கோணுறது), டேப்பர் (ஒரு பக்கம் பெருசு ஒரு பக்கம் சிறுசு) ரெண்டும் 5 மைக்ரானுக்குள்ளன்னு அதே சீட்டுல எழுதுங்க. கிராங்க் பின்னுக்கும் (பிக் எண்ட் மாட்டுற ஜர்னல்) இதே முறைதான்: ராடு கேப்பை டார்க் பண்ணி அளந்து, கழிச்சு நம்பர் குடுங்க.

பட்டறைக்காரர் | சனி, காலை 9:40

அளவு அம்மா குடுத்துட்டாங்க. அளவுல வராத நாலு விஷயம் நான் சொல்றேன், இதையும் சீட்டுல எழுது.

ஜர்னல் ஓரத்துல வளைவு (ஃபில்லட்) ஒரிஜினல் மாதிரியே இருக்கணும். கல்லு தேய்ஞ்சு மூலை கூர்மையா வந்துச்சுன்னா கிராங்க் அங்கதான் உடையும், இன்னைக்கு இல்லாட்டி அம்பதாயிரம் கிலோமீட்டர்ல. வளைவு பெருசாயிட்டாலும் ஷெல்லோட ஓரம் அதுல ஏறி உரசும்.

ஆயில் ஓட்டை வாயில கிரைண்டிங் பிசிறு நிக்கும். லேசா சாம்ஃபர் பண்ணி (விளிம்பைச் சாய்ச்சு எடுத்து), பாலிஷ் போடச் சொல்லு.

அப்புறம் முக்கியமா: கடையில இருந்து வந்த கிராங்கை அப்படியே மாட்டிடாத. மெயின்ல இருந்து கிராங்க் பின்னுக்குப் போற ஆயில் வழி எல்லாத்துலயும் கல்லுத்தூள் இருக்கும். மண்ணெண்ணெய், நைலான் பிரஷ், கம்ப்ரஸர் காத்து. பிரஷ் வெள்ளையா வெளியே வர்ற வரைக்கும். எத்தனையோ புது எஞ்சின் போனது கிளியரன்ஸால இல்ல, இந்தத் தூளால. நாங்க லூஸா விட்டதுக்கு அதுவும் ஒரு காரணம், தூளு போக வழி வேணும்னு. சிரிங்க.

சாவகச்சேரி | சனி, காலை 10:10

கிராங்கின்ர முன்பின் ஆட்டத்தையும் பாருங்கோ தம்பி. திரஸ்ட் வாஷர் பழசெண்டால் மாத்துறதுதான். கிளச்சை மிதிக்கிற ஒவ்வொரு தரமும் அதில பாரம் ஏறும்.

நொய்யல் | சனி, காலை 10:30

அது மேனுவல்ல 0.11 முதல் 0.31 வரைன்னு இருக்கு, அண்ணை. டயல் கேஜ் வெச்சுப் பார்த்துடறேன்.

ஆயில் என்ன போடட்டும்? "புதுசா கட்டின எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 போடு, திக்கா இருக்கும், லைட் எரியாது"ன்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க.

ரெவ்லிமிட் | சனி, பகல் 11:45

கிளியரன்ஸ் 0.060 விட்டிருந்தா அதைத்தான் போட்டிருக்கணும். கூடுதல் ஒழுகலைத் திக்கான ஆயிலால மறைக்கிற வேலை அது. உனக்கு 0.032 வருது. 100 டிகிரில 50 கிரேடு 16.3 சென்டிஸ்டோக்குக்கு மேல, 40 கிரேடு 12.5ல ஆரம்பிக்கும், 30 கிரேடு 9.3ல. மேனுவல்ல போட்ட கிரேடையே போடு. திக் ஆயில்ல கேஜ் முள்ளு நல்லா ஏறும், பார்க்க சந்தோஷமா இருக்கும். ஆனா இறுக்கமான பேரிங்குல ஆயில் கம்மியா பாயும், சூடும் கூடும். முள்ளு காட்டுறது பிரஷர், பாயுற அளவு இல்லை.

பட்டறைக்காரர் | சனி, பகல் 12:00

இதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம ஊரு மே மாச வெயில்ல 30 கிரேடா? 20டபிள்யூ-40 போடு தம்பி. அதுக்கு மேல போகாத.

ரெவ்லிமிட் | சனி, பகல் 12:10

வெயில் வெளியிலதான் சார். தெர்மோஸ்டாட் வெச்ச எஞ்சினுக்குள்ள மேயும் மார்கழியும் ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா 40 கிரேடுல சண்டை போட மாட்டேன், அதுவும் மேனுவல் அட்டவணைல இருக்கும்.

மாடரேட்டர் | சனி, பகல் 12:30

ஆயில் சண்டைக்குத் தனி இழை இருக்கு, 140 பக்கம் போயாச்சு. அங்க போங்க.

நொய்யல் | அடுத்த வெள்ளி, இரவு 10:05

கிராங்க் வந்தாச்சு. சீட்டை நீட்டினதும் கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறிச்சு. "யாரு தம்பி இப்படி எழுதிக் குடுத்தது"ன்னு கேட்டார். ஆனா சொன்ன மாதிரியே கல்லை ட்ரெஸ் பண்ணிட்டுத்தான் அடிச்சார், நான் பக்கத்துலயே நின்னேன். அளவு:

1வது 44.742, கிளியரன்ஸ் 0.032
2வது 44.745, 0.032
3வது 44.744, 0.034
4வது 44.746, 0.030
5வது 44.741, 0.032

ஓட்டையெல்லாம் மூணு தடவை கழுவினேன். முதல் தடவை வந்த தண்ணி, ஐயா, சாம்பல் கலர். எல்லாத்துக்கும் பச்சை பிளாஸ்டிகேஜ் வெச்சு சாட்சியும் எடுத்தாச்சு, அஞ்சும் 0.025க்கும் 0.038க்கும் நடுவுல. ஷெல்லுக்கு ஆயில் தடவி கேப் எல்லாம் டார்க் ஆச்சு. கிராங்க் ஒரு கையால வழுக்கிட்டுச் சுத்துது.

நொய்யல் | பத்து நாள் கழித்து, இரவு 9:20

வண்டி ஓடுது. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு ஸ்டார்ட்டர்லயே சுத்தி, ஆயில் பிரஷர் ஏறின பிறகுதான் பிளக் போட்டேன். சுவிட்ச் இடத்துல மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்தேன். 3000 சுத்துல 3.7 கிலோ. மேனுவல் 3.0 முதல் 4.2 வரைன்னு சொல்லுது.

பட்டறைக்காரர் | இரவு 9:32

3000ஐ விடு. அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து, ஃபேன் ஓடுறப்போ, ஐடில்ல எவ்ளோ?

நொய்யல் | இரவு 10:48

இப்பதான் அவிநாசி வரைக்கும் போயிட்டு வந்தேன். ஃபேன் ஓடுது. 1.2. லைட் மினுக்கவே இல்லை. அப்பா பக்கத்துல உக்காந்து ரோட்டையே பார்க்கலை, லைட்டையேதான் பார்த்துட்டு வந்தார்.

பட்டறைக்காரர் | இரவு 10:55

நல்லா இருக்கு. மைக்ரான் அம்மா, அந்த போர் கேஜ் எங்க கிடைக்கும், என்ன விலை ஆகும்? ஷெட்டுல என் மச்சானோட அம்பாசிடர் ஒண்ணு பிரிச்சுக் கிடக்கு.